ஞாயிற்றுக்கிழமைச் சாவிகள்

விநாயக்கின் உடம்பைக் குளிப்பாட்ட வாசலுக்குத் தூக்கிப் போனபோது, அவன் தம்பி பவன் உள்ளறையில் கம்ப்யூட்டரின் வயர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். புது வேட்டி எடுக்க வந்த பாக்யலட்சுமி கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா பண்றே?"

"பெங்களூருக்கு எடுத்துகினு போறேன் அண்ணி. அண்ணனே இல்ல, இனிமே இங்க இருந்து யாருக்கு பிரயோஜனம்?" திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"உங்க அண்ணன் இன்னும் வாசல்லதான் இருக்காரு."

விடியற்காலையில் பேக்டரி ஷிப்டுக்குக் கிளம்பி, ஷூ மாட்டக் குனிந்த விநாயக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செய்தியை யாரோ பவனுக்குப் போனில் சொன்னார்கள். இரண்டு வருஷமாக ஊரிகத்துச் சுரங்கக் குடியிருப்பில் அந்த லைன் வீட்டு வாசலை மிதிக்காதவன், மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தான்.

விநாயக் எழுதிய லைப்ரரியால் வந்த பகை அது. பில், சம்பளச் சீட்டு எதுவானாலும் தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்துத் தரும் புரோகிராம் தொகுப்பு. பெங்களூரில் சாப்ட்வேர் எழுதுகிறவர்கள் அதை வாங்கித் தங்கள் வேலையில் சேர்த்துக்கொள்வார்கள். காப்பியடித்துவிடக் கூடாதென்று விநாயக் அதற்குப் பூட்டுப் போட்டிருந்தான். புது மெஷினில் ஏற்றினால் திரையில் ஒரு நம்பர் வரும். இந்த வீட்டுக்குப் போன் பண்ணி அதைச் சொன்னால், இங்கிருக்கும் கம்ப்யூட்டர் அதற்கேற்ற சாவியைக் கொடுக்கும். அதை அடித்தால்தான் அங்கே ஓடும். விநாயக் பேக்டரிக்குப் போயிருக்கும் நேரத்தில் சாவி கொடுப்பது பாக்யலட்சுமி. அவன் அம்மா சரோஜம்மாவோ, லைப்ரரி என்றால் பேப்பர் படிக்கிற இடம் என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த லைப்ரரியைத்தான் பவன் தானே எழுதியதாகச் சொல்லித் தன் கம்பெனி பெயரில் விற்றிருந்தான். தெரிந்த அன்று பாக்யலட்சுமி போட்ட சண்டை பக்கத்து லைன் வரை கேட்டது. "அவன் பார்ட்டிக்கு இனிமே ஒரு சாவியும் கெடையாது" என்று விநாயக்கும் சொன்னான். அதற்குப் பிறகு பவனின் ஆட்கள் போன் பண்ணினால் அவள் பேசாமல் ரிசீவரை வைத்துவிடுவாள்.

சரோஜம்மா உள்ளே வந்தாள். அழுது வீங்கிய முகம். "எடுத்துகினு போவட்டுமே. எம்புள்ள செஞ்சது எம்புள்ளைக்கு. நீ இன்னாத்துக்கு மறிக்கிறே? ரெண்டு பேரையும் பிரிச்சது போதாதா?"

"திருடனது யாரு அத்தே, நானா?"

பவன் கையிலிருந்த வயரைக் கீழே போட்டான். "பிரிச்சிட்டோம்னு நீங்கதான் நெனச்சிகினு இருக்கீங்க. அண்ணன் எனக்கு சாவி குடுத்துகினுதான் இருந்தாரு."

"பொணத்த வெச்சிகினு பொய் சொல்லாதே."

"ஞாயித்துக்கெழம நீங்க ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போவீங்கல்ல? நீங்க தெருமுனை தாண்டனதும் எனக்கு போன் வரும். வாரம் பூரா சேர்ந்த நம்பரெல்லாம் படிப்பேன். இல்லன்னா என் கம்பெனிய எப்பவோ இழுத்து மூடியிருப்பேன்." அவன் குரலில் வருத்தமில்லை. குத்திவிட்ட திருப்திதான் இருந்தது. "உங்களுக்கு பயந்துகினு மறைச்சாரு, அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் பையை விநாயக்கே எடுத்து அவள் கையில் கொடுப்பான். "மெதுவா வா பாக்யா. வெயில்ல ஓடியாராதே" என்பான். அதைப் பிரியம் என்று பக்கத்து வீட்டு எல்லம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். வாசலுக்குப் போய், அவனை எழுப்பி உட்காரவைத்துக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

மேஜைமேல் போன் அடித்தது. பவன் பாய்ந்து எடுத்தான். இரண்டு வார்த்தை பேசிவிட்டு ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டான்.

"என் பார்ட்டிதான். நாந்தான் இந்த நம்பரு குடுத்தேன். புது மெஷின்ல ஏத்திட்டு சாவி இல்லாம காலையிலேந்து வேலை நின்னு போச்சாம். பாஸ்வேர்ட் சொல்லுங்க அண்ணி, நானே பாத்துக்கறேன்."

அவள் ரிசீவரை அவன் கையிலிருந்து வாங்கினாள். "வயர மாட்டு."

"இன்னா?"

"கழட்டனத மாட்டுன்றேன்."

மாட்டினான். திரையில் வெளிச்சம் வந்தது. பாஸ்வேர்ட் அடிக்கும் முன் அவள் அவனைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எதிர்முனையில் இருந்தவன் நம்பரைப் படித்தான். அவள் அடித்து, வந்த சாவியை எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"ஓடுது மேடம். உங்க வூட்டு சார்கிட்ட தேங்க்ஸ் சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்று வைத்தாள்.

பிறகு பவனிடம் சொன்னாள்: "மெஷின் இந்த வூட்ட வுட்டு எங்கயும் போவாது. சாவி வேணும்னா நீயே எனக்கு போன் பண்ணு. ஞாயித்துக்கெழம வேணாம். வேற எந்த நாள்னாலும் பண்ணு."

"திமிரு" என்றாள் சரோஜம்மா.

பாக்யலட்சுமி வேட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். குளிப்பாட்டி முடித்து அவனை பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். காதுக்குப் பின்னால் கொஞ்சம் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் குனிந்து முந்தானை நுனியால் துடைத்தாள். கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள்.