விருது வாங்கிய வாய்

1

இந்தக் கதை ஒரு விருந்தில், என் சட்டைமேல் உருளைக்கிழங்கு சாலட் விழுந்தபோது பிறந்தது. கொட்டியவள் லிபுஷே. நான் கேட்ட கேள்வி அப்படி.

முதல் வரியை இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். ‘அரங்கம் இருளில் மூழ்கி…’ வேண்டாம். ‘பிராக் நகரில் நடந்த விழாவில் ஹங்கேரி நடிகை…’ இது செய்தித்தாள்.

2

நேராகவே சொல்கிறேன். நான் திரைக்கதை எழுதிய படத்தில் பிரோஷ்கா என்ற ஹங்கேரிக்காரி நடித்தாள். அவளுக்குச் செக் மொழி சுத்தமாக வராது. அவள் தன் மொழியில் வசனம் பேச, எங்கள் லிபுஷே டப்பிங்கில் செக் குரல் கொடுத்தாள். அயல்நாட்டு வாய்க்கு உள்ளூர்க் குரலைப் பொருத்திக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். இருவர் என்பதே மறந்துவிடும். தேசிய விருதுக் குழுவுக்கும் மறந்துவிட்டது. ‘குரலின் நடுக்கம் உலுக்குகிறது’ என்று காரணம் சொல்லிப் பிரோஷ்காவுக்குச் சிறந்த நடிகை விருது கொடுத்தார்கள்.

(எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கதையில் அதற்கு இடமில்லை என்று அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

படம் முடிந்து லிபுஷேயின் பெயர் திரையில் வரும்போது ஜனங்கள் எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த விருது விழா அரங்கில் ஒருமுறையாவது தன் பெயர் ஒலிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பீர் உள்ளே போனபிறகு என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

3

லிபுஷேயின் அம்மா ஹங்கேரிக்காரி. அதனால் விழாவில் பிரோஷ்காவின் நன்றியுரையை மொழிபெயர்க்க அவளையே மேடையேற்றினார்கள். பிரோஷ்கா பேசியது எங்களில் யாருக்கும் புரியவில்லை. ஆனால் நடுவில் ‘லிபுஷே’ என்ற பெயர் எல்லோருக்கும் கேட்டது. லிபுஷே கொஞ்சம் தயங்கினாள். பிறகு செக்கில், “இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் நன்றி” என்றாள். கைதட்டினோம்.

4

விருந்தில் கேட்டேன்.

“அவ என்ன சொன்னா?”

“அவ சொன்னதத்தான் நானும் சொன்னேன்.”

“உன் பேரு வந்துச்சே, லிபுஷே.”

அப்போதுதான் சாலட்.

“ஏம்ப்பா ராதிம், என் பேர நானே சொல்லிக்கிட்டு மேடையில நிக்கவா? அவ்ளோ வெக்கங்கெட்டவளா நான்?”

“சரி, நல்லதா சொன்னாளா, குறையா சொன்னாளா?”

“நீதான் கதை எழுதறவனாச்சே. எழுதிக்கோ.”

5

முடிவு அ: பிரோஷ்கா சொன்னது, “இந்த விருதில் பாதி லிபுஷேவுக்கு.” இனிக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

முடிவு ஆ: “லிபுஷேயின் குரலில் அல்ல, என் குரலிலேயே என்னைக் கேட்டிருந்தால்…” இதிலும் நியாயம் உண்டு. பிரோஷ்காவின் குரலைத்தான் நாங்கள் யாரும் கேட்கவே இல்லையே.

விழாப் பதிவு இருக்கிறது. ஹங்கேரிய மொழி தெரிந்த ஒருவரிடம் போட்டுக் காட்டினால் போதும். மாட்டேன். லிபுஷே விழுங்கியதை நான் தோண்டி எடுப்பது அசிங்கம்.

ஆகவே அந்த வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள், அவள் பெயர் மட்டும் அதில் இருக்கட்டும். மனத்துக்குள் வாசிக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லோருக்கும் பேசிக் கொடுத்தவளுக்கு அது ஒன்றைத்தான் பேச வரவில்லை.