போறணையின் பின்பக்கம்

திருகோணமலையில் என்னைப்போல் அதிக தரம் செத்தவர் வேறு யாரும் இல்லை. வாளால் மூன்று முறை, நஞ்சால் இரண்டு முறை, பாம்பு கடித்து ஒரு முறை, பெற்ற மகன் கையால் ஒரு முறை, மீதி எல்லாம் முனிவர்களின் சாபத்தால். எங்கள் கடற்கரை வீதி இசை நாடக மன்றம் எந்தக் கதையை எடுத்தாலும், கடைசிக் காட்சியில் விழுந்து சாகிற பாகம் சிவகுருநாதனுக்குத்தான். பகல் முழுவதும் துறைமுக ஸ்ரோரில் கயிறும் பெயின்ற் வாளியும் காவல் காக்கிற ஆள், மேடையில் விழும்போது மட்டும் தென்னை சாய்கிற மாதிரி விழுவான் என்று எனக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அத்தனை சாவுகளில் ஒன்றைத்தான் என் மனைவி பூரணி பார்த்திருக்கிறாள். அப்போது எங்களுக்குக் கலியாணமாகி நாலு மாதம். அரசனாக வந்து வாள் பட்டு விழுந்தேன். முன்வரிசையில் இருந்தவள் எழுந்து, தாலியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு "ஐயோ!" என்று கத்திய கத்தலில் ஆர்மோனியமே நின்றுபோனது. செத்துக் கிடந்த அரசன் எழும்பி உட்கார்ந்து, "எனக்கொண்டுமில்லை பூரணி, இரும்" என்று சொல்லவேண்டி வந்தது. சபை சிரித்து முடியப் பத்து நிமிஷம் எடுத்தது.

அன்றைக்குப் பிறகு அவள் ஒரு நாடகத்துக்கும் வரவில்லை. பொய்க்கென்றாலும் புருஷன் சாகிறதைத் தாலி கட்டிக்கொண்டவள் பார்க்கக்கூடாது என்பது அவள் முடிவு. அவளுடைய தாயும் அதைத்தான் சொன்னா, கோயில் ஐயரும் தலையாட்டினார். நானும் சாவதை விடவில்லை. பதின்மூன்று வருஷம் இப்படியே போய்விட்டது.

இத்தனைக்கும் மன்றத்தின் பாட்டெல்லாம் அவளுக்குப் பாடம். நான் கிணற்றடியில் நின்று பாடிப் பழகும்போது அடி மறந்தால், குசினிக்குள் இருந்து அடுத்த சொல் வரும். சுருதி விலகினால் அகப்பையால் சட்டியில் ஒரு தட்டு. அவள் காணாதது என் முகத்தை மட்டும்தான். வெளியே சொல்ல வெட்கம், ஆனாலும் சொல்கிறேன்: மண்டபம் முழுக்கக் கைதட்டினாலும் என் கண் பெண்கள் பக்கத்துக் கதிரைகளைத்தான் தேடும். ஒரேயொரு தரம் அவள் வந்து இருந்து நான் நடிப்பதைப் பார்க்கவேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

சாகாத பாகம் ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கினேன், ஒரு முறை. நல்ல மந்திரி பாகம். ஒத்திகையில் வேறொருவன் அரசனாக விழுந்ததைப் பார்த்தேன். புளிமூட்டையை இறக்கிவைக்கிற மாதிரி விழுந்தான். அடுத்த நாளே பாகத்தை மாற்றிக்கொண்டேன். என் குணம் அப்படி.

அறுபத்துநாலாம் ஆண்டு கனகரத்தினம் மாஸ்டர் ஒரு புதுக்கதையோடு வந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிப்பவர், மன்றத்தில் எங்களை ஆட்டிவைப்பவர். வெள்ளைக்காரக் கடற்படை போகும்போது ஏலத்தில் விட்ட சாமான்களில் ஒரு கிராமபோனும் ஒரு பெட்டி இசைத்தட்டும் வாங்கி வைத்திருந்தார். ஐரோப்பாவில் பெரிய மண்டபங்களில் பாடுகிற இசை நாடகமாம். காட்டில் வழி தவறிய அண்ணனும் தங்கையும், பலகாரத்தால் கட்டிய ஒரு வீடு, வருகிற பிள்ளைகளைப் போறணை அடுப்பில் வேகவைத்துத் தின்னும் சூனியக்காரி. ஏழு வருஷம் அந்த இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு, எல்லா மெட்டுக்கும் தமிழ் எழுதி முடித்திருந்தார்.

"மெட்டு அவையின்ர, சொல்லு எங்கட" என்றார்.

அண்ணனாக ஸுஹைர். மூதூருக்கு ஓடுகிற லோஞ்சுப் படகில் ரிக்கற் கொடுக்கிற இளந்தாரி. எஞ்சின் சத்தத்துக்கு மேலால் ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை நன்றாகத் திறந்திருந்தது. தங்கையாகத் தபாற்கந்தோர் கமலேஸ்வரி. சூனியக்காரியாக நான். கடைசியில் தங்கைக்காரி சூனியக்காரியைப் போறணைக்குள் தள்ளிவிடவேண்டும்.

அன்று வீட்டுக்கு ஒரு திட்டத்தோடுதான் போனேன்.

"பூரணி, இந்த முறை நான் ஆம்பிளையே இல்லை. கிழவி வேஷம். கிழவி செத்தால் உமக்கென்ன?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவேயில்லை. "எந்த வேஷத்தில செத்தாலும் தாலி என்ர கழுத்திலதானே கிடக்கு."

அடுத்த நாள் மாஸ்டரிடம் போய், சூனியக்காரியை மன்னித்துக் காட்டுக்குத் துரத்திவிட்டால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். "ஏழு வருஷம் எழுதினனான் சிவகுரு" என்றார் அவர், அழுகிற குரலில். உண்மையைச் சொன்னால் நானும் பெரிதாக வற்புறுத்தவில்லை. போறணைக்குள் போகுமுன் பாடுகிற பாட்டு அவ்வளவு நல்ல பாட்டு.

பலகார வீட்டைக் கடதாசியில் வெட்டி வர்ணம் பூசுவதாகத்தான் இருந்தது. இரவுச் சாப்பாட்டில் அதை வாய் தவறிச் சொன்னேன். பூரணிக்கு வந்ததே கோபம்.

"கடதாசிப் பணியாரத்தைப் பாத்து எந்தப் பிள்ளை உள்ளுக்கு வரும்? உங்கட மாஸ்டருக்கு விசரோ?"

அடுத்த கிழமை எங்கள் வீட்டு முற்றத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள். அரியதரம், பயற்றம் பணியாரம், முறுக்கு எல்லாம் சுவருக்கு. தொதல் துண்டுகள் கதவுக்கு. ஸுஹைரின் உம்மா பரீதா லோஞ்சில் மஸ்கட் அல்வாத் தட்டுகளோடு வந்து இறங்கினா, சிவப்பும் பச்சையுமாக ஜன்னலுக்கு. ஒவ்வொருவருக்கும் தன் பலகாரம் முன்பக்கத்தில் வரவேண்டும் என்று வாய்ச்சண்டை. ஒத்திகைக்கென்று ஒரு சுவரை முன்னதாகக் கட்டிப் பார்த்தோம். இரண்டு நாளில் சுவரைக் காணவில்லை. பாதியை எறும்பு தின்றது. மீதியை ஸுஹைர் தின்றான். பாகத்துக்குள் இறங்கிப் பார்த்ததாகச் சொன்னான்.

பூரணி இரண்டுக்கும் வழி செய்தாள். நாடகத்தன்று காலையில்தான் பலகாரம் கட்டுவது. பிறகு, எறும்பு ஏறாமல் குசினி அலுமாரியின் கால்களுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வைப்பது போல, வீட்டின் நாலு மூலைக்கும் தண்ணீர் நிரப்பிய தகர ரின்கள். காட்டுக்கு நடுவில் பால்மா ரின்னில் நிற்கிற மாய வீடு! மாஸ்டர் தலையில் கைவைத்தார். பூரணி ரின்களுக்குப் பச்சைப் பெயின்ற் அடிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாடகத்தன்று காலையில் அவள் மண்டபத்துக்கு வந்தாள். பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவை. மூதூர் ஆட்கள் கடைசி லோஞ்சைப் பிடிக்கவேண்டும் என்பதால் ஆட்டம் பின்னேரம் இரண்டு மணிக்கே தொடக்கம். பலகாரமெல்லாம் நூலில் கட்டி முடித்ததும் அவள் போறணையைச் சுற்றி வந்து பார்த்தாள். நான் கப்பல் பெட்டிப் பலகையில் அடித்து, கப்பலுக்குப் பூசுகிற சாம்பல் பெயின்ற் பூசிய போறணை அது. முன்னால் கதவு. உள்ளே சிவப்புக் கடதாசி ஒட்டிய அரிக்கன் லாம்பு.

"இதென்ன, பின்பக்கம் சாக்குத்தான் தொங்குது?" என்றாள்.

"நான் வெளியால வரவேணுமெல்லே. முன்னால விழுந்து, பின்னால தவண்டு போறது. பிறகு மா பொம்மையை உதுக்குள்ளால முன்னுக்குத் தள்ளவேணும்."

வெந்த சூனியக்காரி கடைசியில் ஒரு பெரிய பணியாரமாக வெளியே வருவாள், கதை அப்படி. அந்த மா பொம்மையையும் பூரணிதான் சுட்டிருந்தாள். மூக்கு என்னுடைய மூக்கு மாதிரியே இருந்தது.

"ஒருக்கா இருந்து பாருமன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, அவ்வளவு கெஞ்சல்.

"சாகிறியள்தானே?"

"சாகிறன்."

"அப்ப ஏலாது" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு மணிக்குத் திரை ஓட்டையால் எட்டிப் பார்த்தேன். மண்டபம் நிரம்பி வழிந்தது. பெண்கள் பக்கம், மூன்றாம் வரிசை, ஓரக் கதிரையில் நீலச் சீலையோடு பூரணி இருந்தாள். மடியில் ஒரு பை. பதினாலு வருஷம் மேடையேறியவனுக்கு முதல் நாள் மாதிரி வியர்த்தது.

அன்று நான் நடித்த மாதிரி ஒருநாளும் நடிக்கவில்லை. பலகார வீட்டைக் கண்டதும் பிள்ளைகளெல்லாம் "ஆ!" என்றார்கள், பின்வரிசையில் ஒருவர் "அந்தத் தொதல் என்ர மனுசி கிண்டினது" என்று எழும்பியே சொன்னார். நான் கூனிக்கொண்டு கதவைத் திறந்து வந்தேன். ஸுஹைரின் விரலைத் தொட்டுப் பார்த்து, இன்னும் கொழுக்கவில்லையே என்று பாடும்போது பூரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததில் அடுத்த அடி மறந்துபோனது. ஆர்மோனியக்காரர் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறார், எனக்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். அவளுடைய உதடு அசைந்தது. "உப்புப் போதுமோ, புளி போதுமோ." பிடித்துக்கொண்டேன். குசினியில் இருந்து வருகிற சொல்லுக்கு ஒரு முகம் இருப்பதை அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன்.

போறணைப் பாட்டு தொடங்கியது. பார்க்கப்போகிறாள், பூரணி பார்க்கப்போகிறாள் என்று குரலை இன்னும் கூட்டினேன். இரண்டாவது அடி பாடும்போது அவள் எழுந்தாள். பையை எடுத்தாள். குனிந்து, மற்றவர்களுக்கு மறைக்காமல், பக்கக் கதவால் வெளியே போய்விட்டாள்.

எனக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவரும் இல்லாத மாதிரி இருந்தது. அவள் மேல் கோபம் வந்தது. இன்னும் நாலு அடி இருந்து பார்த்தால் என்ன, நான் என்ன உண்மையாகவா வேகப்போகிறேன்? என் மேலும் கோபம் வந்தது. பாட்டின் மீதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பாடினேன். சபைக்கு அது சூனியக்காரியின் வெறியாகத் தெரிந்திருக்கும், நல்ல அமைதி. கமலேஸ்வரி ஓடிவந்து முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். தென்னை சாய்வதெல்லாம் அன்றைக்கு இல்லை. தலை முன்னுக்குப் போக, பெட்டிக்குள் எறிந்த சாமான் மாதிரிப் போய் விழுந்தேன். கதவு சாத்தப்பட்டது.

வெளியே சபை அதிர்ந்தது. ஸுஹைரும் கமலேஸ்வரியும் கைகோத்துப் பாடத் தொடங்கினார்கள். நான் எழும்பவில்லை. லாம்பு வெளிச்சத்தில் குப்புறக் கிடந்து, பெயின்ற் மணத்தை முகர்ந்துகொண்டிருந்தேன்.

"செத்தாச்சோ?" என்று ஒரு குரல் கேட்டது.

தலையைத் தூக்கினேன். பின்பக்கத்துச் சாக்கை விலக்கிக்கொண்டு, பூரணி நிலத்தில் சப்பணம் கட்டி இருந்தாள். பக்கத்தில் என் மூக்கோடு மா பொம்மை. பைக்குள் இருந்த துவாயும் தேத்தண்ணிப் போத்தலும் வெளியே வந்திருந்தன.

"நீர் போயிட்டீர் எண்டெல்லே நினைச்சன்" என்றேன். அழுகை வந்துவிட்டது, சூனியக்காரியின் மூக்குப் பசை கழன்று வாயில் வந்தது.

"ஆர் போனது? முன்னால இருந்து பாத்தாத்தானே சாவு. இஞ்சால இருந்து பாத்தா மனுசன் தவண்டு வீட்டுக்குள்ள வாறார்." துவாயால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "காலமை இந்தச் சாக்கைக் கண்ட உடன நினைச்சனான். எத்தினை தரம் செத்தியள், ஒரு தரமாவது இதை எனக்குச் சொன்னியளோ? பின்பக்கம் ஒண்டு இருக்கெண்டு?"

சொல்லவில்லைத்தான். பதின்மூன்று வருஷம் எல்லா மேடைக்கும் ஒரு பின்பக்கம் இருந்தது. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. எனக்கு வேண்டியதெல்லாம் அவள் முன்னால் இருந்து பார்ப்பது என்றே நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன்.

"எப்பிடி நடிச்சனான்?" என்று கேட்டேன்.

"உப்புப் புளியில கோட்டைவிட்டியள். மற்றது நல்லாத்தான் இருந்தது." தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து நீட்டி, "வடிவாயும் இருந்தனீங்கள்" என்றாள்.

வெளியே பாட்டு முடிந்தது. கமலேஸ்வரி போறணைக் கதவைத் தட்டினாள். பொம்மை போகவேண்டிய நேரம். நான் அதைத் தூக்கப் போக, பூரணி என் கையைத் தட்டிவிட்டுத் தானே முன்னுக்குத் தள்ளினாள். கதவு திறந்தபோது காப்புப் போட்ட இரண்டு கை ஒரு பெரிய பணியாரத்தை நீட்டுவதை முழுச் சபையும் கண்டது. சூனியக்காரி திருந்திவிட்டாள் என்று நினைத்தார்களோ என்னவோ, மூதூர் ஆட்கள் இருந்த பக்கத்தில் விசில் பறந்தது. பிள்ளைகள் மேடைக்கு ஓடிவந்து வீட்டைப் பிய்க்கத் தொடங்கினார்கள்.

செத்தவர்களும் வந்து நின்றுதான் எங்கள் மன்றத்தில் மங்களம் பாடுவோம். மாஸ்டர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, மூக்கைத் திரும்ப ஒட்டிக்கொண்டு எழும்பினேன்.

"இனி எத்தினை தரமெண்டாலும் சாகுங்கோ" என்றாள் பூரணி, போத்தலை மூடிக்கொண்டே. "எனக்குப் பின்னுக்கு ஒரு கதிரை போடச் சொல்லுங்கோ, அது போதும். நிலம் குளிருது."