ஐந்தாவது முறை சாகமாட்டேன்

என்னை நான்கு முறை கொன்றிருக்கிறார்கள். நான்கு முறையும் கொன்றவன் ஒரே ஆள்தான், கோர்டி.

வின்னிபெக்கில் கோர்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஐஸ் தரையில் கனத்த கல்லை வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங் கிளப்பில் ஐஸ் போடும் வேலைக்காரனாக இருந்து, அந்த ஐஸுக்கு அடியிலேயே உறைந்துபோய், பிறகு தாடியில் பனி தொங்க எழுந்து வந்து, விளையாட வருகிறவர்களின் மண்டையில் அதே கர்லிங் கல்லைத் தூக்கிப் போடுகிற பேய். கல் ஒவ்வொன்றும் நாற்பது பவுண்டு இருக்கும். ஆளைக் கொன்றுவிட்டு, ரத்தம் சிந்திய இடத்தைத் துடைப்பத்தால் பதவிசாகப் பெருக்கிவிட்டுப் போவான். பேய் என்றாலும் வேலையில் சுத்தம். இந்தக் கூத்தை நம்பி எண்பதுகளில் நான்கு படம் எடுத்தார்கள். நான்கும் பிய்த்துக்கொண்டு ஓடின.

நான்கிலும் முதல் சாவு நான். முதல் படத்தில் டாக்ஸி ஓட்டினேன், செத்தேன். அடுத்ததில் நர்ஸ். அதற்கடுத்ததில் கல்யாண வீட்டுக்கு வந்த யாரோ ஒருத்தி. கடைசியில் தபால்காரி. டைட்டில் போடுவதற்குள் காலி. முதல் படம் ஓடியதும் அதன் இயக்குநர், "ஸ்டெஃபா, நீ செத்தா படம் ஓடுது, ராசியான சாவு" என்று தோளில் தட்டினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். வேலை வேண்டுமே.

அந்த நான்கு பேரில் ஒருத்திக்கும் பெயர் கிடையாது. டைட்டில் கார்டில் 'டாக்ஸிக்காரி', 'நர்ஸ்' என்றுதான் வரும். பெயர் இல்லாமல் எப்படி நடிப்பது? மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நானே ஒவ்வொருத்திக்கும் ஒரு பெயர் வைத்துக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், இரண்டு நிமிடத்தில் சாகப்போகிறவளுக்கு இதெல்லாம் தேவையா என்று சிரிப்பார்கள்.

ஊருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு அக்டோபரிலும் பழைய தியேட்டர் ஒன்றில் நான்கு படங்களையும் போடுவார்கள். என் முகம் திரையில் வந்ததுதான் தாமதம், மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று பத்திலிருந்து கீழே எண்ண ஆரம்பிக்கும். பத்து, ஒன்பது, எட்டு. சுழியம் வரும்போது கல் விழும். பாப்கார்ன் பறக்கும். ஒரு முறை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வயிற்றெரிச்சல் வந்தது. நான் வாயைத் திறந்து பேசுகிறேன், ஒரு எழுத்து கேட்கவில்லை. இத்தனை வருஷமாக இந்த ஊர் என்னை எண்ணியிருக்கிறதே தவிர, நான் என்ன சொன்னேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

போன வருஷம் டெவின் வந்தான். கோர்டியை டிவி தொடராக எடுக்கப் போகிறானாம். எழுதுவதும் அவன்தான், நடத்துவதும் அவன்தான். முப்பத்து சொச்சம் வயது, கிம்லி பக்கத்துப் பையன், கண்ணெல்லாம் ஆசை. என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, நான் போட்ட காபியைத் தொடாமல் பேசிக்கொண்டே இருந்தான்.

"மேடம், நீங்க இல்லாம கோர்டி இல்ல. முதல் எபிசோடே உங்களை வச்சுத்தான் ஆரம்பிக்குது."

பக்கத்தைப் புரட்டினேன். 'சமையலறைக் கிழவி. கிளப் சமையலறையில் பெரோகிக் கொழுக்கட்டை வேகவைக்கிறாள். கோர்டி பின்னால் வருகிறான். சாகிறாள்.'

"தம்பி, இவளுக்குப் பேர் இல்லையா?"

"பேர் எதுக்கு மேடம். ரெண்டு நிமிஷத்துல போயிடுவாங்களே."

"போகாம இருந்தா?"

அவன் நான் ஜோக் அடித்ததாக நினைத்துச் சிரித்தான். "நீங்க சாகலைன்னா ஊரே என்னை வெட்டிப் போட்டுடும். சின்ன வயசுலேர்ந்து நானும் அந்தக் கூட்டத்துல நின்னு எண்ணினவன்தான். உங்களைக் கவுரவிக்கத்தானே கூப்பிடறோம்."

"கொன்னு கவுரவிக்கிறத இப்பதான் பாக்கறேன். எட்டு எபிசோடு எடுக்கறே. எல்லாத்துலயும் வேணாம், ஒண்ணுல மட்டும் கடைசி வரைக்கும் ஓரமா நின்னு பாத்திரம் கழுவறேன். உசுரோட. அவ்வளவுதான் கேக்கறேன்."

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வரலைன்னா வேற ஒரு வயசான அம்மாவுக்கு உங்க மாதிரியே முடிய வச்சு எடுத்துடுவோம். சாவு இருந்தே ஆகணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் சாவை இன்னொருத்தி சாவதா? அதுவும் பெயர் இல்லாமலா? பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பையன் சந்தோஷமாகக் காபியைக் குடித்தான். ஆறிப்போயிருந்தது, நன்றாக வேண்டும்.

கோர்டியாக இந்த முறையும் ரெனால்தான். நான்கு படத்திலும் அந்தத் தோலுக்குள் இருந்தவன் அவன். முதலில் ஒரு நெட்டைப் பையனை வைத்துப் பார்த்தார்களாம், நடை சரியாக வரவில்லையாம். வராது. அது ரெனாலின் கெட்டுப்போன முட்டி நடக்கிற நடை. செயின்ட் பானிஃபஸில் அவன் வீட்டு வாசலில் நின்றபடி விஷயத்தைச் சொன்னேன்.

"விட்டுத் தொலையேன் ஸ்டெஃபா" என்றான். "ஒரு நாள் வேலை. விழு, எழுந்திரு, வீட்டுக்குப் போ."

"நீ கொல்றவன், நீ அப்படித்தான் பேசுவே."

"நானா கொல்றேன், எழுதினவன் கொல்றான். எனக்கு அந்த ரப்பர் மூஞ்சிக்குள்ள கண்ணே தெரியாது, நீயா இல்ல கம்பமான்னு தெரியாமத்தான் அடிக்கிறேன்."

"அதான் சொல்றேன். ஒரு தடவையாவது பாத்துட்டு அடி."

உடுப்பு அளவெடுக்கப் போன அன்றுதான் எனக்கு வழி கிடைத்தது. உடுப்புகளைக் கவனிப்பவள் ஜோசெட். நீலப் பூப்போட்ட கவுனை என்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே, "இதே துணியில மூணுதான் தேத்த முடிஞ்சுது. கடையில வேற இல்ல" என்றாள். ரத்தக் காட்சியில் எத்தனை உடுப்போ அத்தனை டேக்தான். ஒரு தடவை ரத்தம் பட்டால் அது போச்சு, அடுத்ததை மாட்டிக்கொண்டு வர வேண்டும். மூன்று உடுப்பு, மூன்று டேக். அதோடு என் காட்சி எடுக்கும் நாள்தான் அந்தக் கிளப்பில் படப்பிடிப்புக்குக் கடைசி நாளும். மறுநாள் காலையில் கிளப்காரர்கள் ஐஸ் போட ஆரம்பிக்கிறார்கள். கர்லிங் சீசனை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள் என்று இந்த ஊரில் எவனாவது கேட்டால், அவனைக் கொல்ல கோர்டி வர வேண்டியதில்லை.

படப்பிடிப்பு அன்று சமையலறையில் எல்லாம் தயாராக இருந்தது. ஒரு பெரிய பாத்திரத்தில் பீட்ரூட் சூப்பு, அடுப்பு மூட்டாமல் சும்மா காட்சிக்கு. தட்டில் உருளைக்கிழங்கு பூரணம் வைத்த பெரோகி, மேலே வதக்கிய வெங்காயம். அதை மட்டும் நானே வீட்டில் செய்து கொண்டுபோயிருந்தேன். கடையில் வாங்கிய பெரோகியோடு நான் திரையில் நிற்க முடியாது. தலைத்துண்டுக்குள் சிவப்புப் பாகு வரும் குழாயை ஒளித்து வைத்தார்கள். பின்னாலிருந்து ரப்பர் கல் மண்டையில் படும்போது ஒருவன் பொத்தானை அழுத்துவான், சிவப்பு பீய்ச்சி அடிக்கும்.

முதல் டேக்கில் கல் விழுந்தது, ரத்தம் அடித்தது, நான் கேமராவை நேராகப் பார்த்து வாய்விட்டுத் தும்மினேன்.

"பரவால்ல மேடம், நல்லாத்தான் இருந்துச்சு, தும்மல் மட்டும் வேணாம்" என்றான் டெவின்.

இரண்டாவது உடுப்பு. இந்த முறை கல் விழுந்து, ரத்தம் முகத்தில் வழிய, நான் திரும்பி, "ரெனால், முட்டி எப்படி இருக்கு இப்ப?" என்று கேட்டேன். கோர்டிக்குள்ளிருந்து, "மாத்திர போட்டிருக்கேன்" என்று பதில் வந்தது. கேமராக்காரன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் ஷாட்டே ஆடிப்போனது. டெவின் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"வேணும்னே பண்றீங்களா?"

"வயசாயிடுச்சு தம்பி. நீயே கிழவின்னுதானே எழுதியிருக்கே."

ஜோசெட் என்னை உள்ளே கூட்டிப்போய் முகத்தைத் துடைத்தாள். மூன்றாவது கவுனை மாட்டி முதுகில் பட்டன் போடும்போது அவள் கை ஒரு கணம் நின்றது.

"இதான் கடைசி. தெரியும்ல?"

"நீதானே சொன்னே."

"என்ன பண்ணப் போறே?"

"போய்த்தான் பாக்கணும்."

"பாத்துப் பண்ணு. இதுக்கு ராத்திரியெல்லாம் உக்காந்து தச்சிருக்கேன்" என்றாள். தடுக்கவில்லை. கடைசிப் பட்டனை இறுக்கமாகப் போட்டுவிட்டாள்.

ஆக்‌ஷன் என்றார்கள். கரண்டியால் கிளறிக்கொண்டு நின்றேன். பின்னால் அந்த முட்டி இழுபடும் சத்தம் வந்தது. இத்தனை வருஷமாக முதுகில் கேட்கிற சத்தம். கல் தூக்கப்படும்போது ஒரு மூச்சு இழுப்பான், அது எனக்குத் தெரியும். அந்த மூச்சு வந்ததும் திரும்பினேன். கையில் பெரோகித் தட்டு.

"நில்லுடா" என்றேன்.

கல் மேலேயே நின்றது. பாவம், அந்த மூஞ்சிக்குள் அவனுக்கு என்ன தெரிந்ததோ.

"எத்தன தடவ என்னைக் கொன்னிருக்கே. ஒரு தடவையாவது பேர் கேட்டியா?"

கோர்டி நான்கு படத்திலும் பேசியதே இல்லை. இப்போதும் பேசவில்லை. மெதுவாகத் தலையை இல்லையென்று ஆட்டினான். தாடியிலிருந்து மெழுகுப் பனி உதிர்ந்தது.

"கேட்டுக்கோ. அந்த டாக்ஸிக்காரி பேரு டோரீன். அன்னிக்கு ராத்திரி அவ பொண்ணுக்குக் காய்ச்சல், அந்த ஒரு சவாரிய முடிச்சுட்டு வீட்டுக்குப் போகத்தான் பாத்தா. நர்ஸ் பேரு இவோன். கல்யாண வீட்டுல நின்னாளே, அவ மாப்பிள்ளையோட அக்கா, மரூஸியா. ஆட்டம் ஆடணும்னு புது ஷூ வாங்கிக்கிட்டு வந்தவ, ஒரு பாட்டுக்குக்கூட நீ விடல. தபால்காரி க்ளாடிஸ். அவ கையில இருந்த கடிதாசியெல்லாம் யாருக்குமே போய்ச் சேரல. நான் ஓல்கா. நான் சாகறதா இல்ல. சூடு ஆறுது, உக்காந்து தின்னு."

எனக்குக் குரல் நடுங்கியது. அது நடிப்பில்லை. அப்படி ஒரு ஆத்திரம்.

ரெனால் அந்தக் கல்லைக் கழுவும் தொட்டியில் மெதுவாக இறக்கி வைத்தான். நாற்காலியை இழுத்தான். முட்டி மடங்காமல் தடுமாறி உட்கார்ந்து, ஒரு பெரோகியை எடுத்து, தாடியை விலக்கி வாயில் போட்டுக்கொண்டான்.

கட் என்று டெவின் சொல்லவே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு மானிட்டருக்கு முன்னால் நின்றிருந்தான். சுதாரித்துக்கொண்டு வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"மேடம், விளையாட்டு போதும். உடுப்பு இன்னும் சுத்தமாத்தான் இருக்கு. மறுபடியும் எடுக்கறோம். இந்தத் தடவ சாகறீங்க."

உண்மைதான், கவுனில் ஒரு பொட்டுக்கூட இல்லை. அதை நான் யோசிக்கவில்லை. சுற்றிப் பார்த்தேன். பீட்ரூட் சூப்புப் பாத்திரம் இருந்தது. இரண்டு கையாலும் தூக்கி என் நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டேன். ஜில்லென்று கால்வரை வழிந்தது.

"ஜோசெட்" என்று கூப்பிட்டேன். "உடுப்பு அழுக்காயிடுச்சு."

யாரோ கை தட்டினார்கள். டெவின் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

"கம்ப்யூட்டர்ல உங்களைக் கொன்னுடுவேன்" என்றான். "ஒரு ஆள் உக்காந்தா ரெண்டு நாள் வேல."

"கொல்லு. உன் தொடர், உன் இஷ்டம். ஆனா அஞ்சு பேர் பேரும் காதுல விழுந்துடுச்சு உனக்கு. இனிமே தெரியாதுன்னு சொல்லிக் கொல்ல முடியாது."

அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு போன் இல்லை. என் பங்கு வேலை முடிந்தது என்று கம்பெனியிலிருந்து இரண்டு வரி வந்தது. என்ன ஆனது என்று ஜோசெட்டிடம் கேட்டேன், எடிட்டிங் அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறான் என்றாள்.

இந்த அக்டோபரில் அதே பழைய தியேட்டரில் முதல் எபிசோடைப் போட்டார்கள். தலையில் துண்டு கட்டாமல், நல்ல கோட்டு போட்டுக்கொண்டு போனேன். ரெனால் கைத்தடியோடு கூட வந்தான். வாசலில் டெவின் டை கட்டி நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "உக்காருங்க மேடம்" என்று மட்டும் சொன்னான்.

"கொன்னுட்டான்" என்றேன் ரெனாலிடம்.

"இருக்கும்" என்றான் அவன்.

"கல் விழுந்துச்சுன்னா எழுந்து நின்னு அஞ்சு பேரையும் நானே கத்துவேன். வெளிய தூக்கிப் போட்டாலும் தெருவுல நின்னு கத்துவேன்."

"கத்து. கைத்தடியைத் தட்டி நானும் கத்தறேன்."

ஓரத்து இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. கிளப் சமையலறை வந்தது. நீலப் பூப்போட்ட முதுகு வந்தது. கூட்டம் மொத்தமும் எழுந்தது. முன்வரிசையில் தபால்காரித் தொப்பி போட்ட ஒரு பெண் கையை உயர்த்தி ஆரம்பித்து வைத்தாள். பத்து. ஒன்பது. எட்டு. தரை அதிர்ந்தது. இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நானும் எழுந்தேன். மூன்று. இரண்டு. ஒன்று.

சுழியம்.

கல் விழவில்லை. திரையில் நான் திரும்பினேன், தட்டோடு. கொஞ்சம் பாப்கார்ன் பறந்து, விழுந்து, அடங்கியது. அதற்கப்புறம் என்ன செய்வதென்று அந்தக் கூட்டத்துக்குத் தெரியவில்லை. எண்ணுவதற்கு மேற்கொண்டு எண் இல்லை. யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள்.

முன்வரிசைப் பெண் உயர்த்திய கையை இன்னும் இறக்கவில்லை. அந்தக் கையாலேயே பின்னால் இருந்தவர்களை அடக்கினாள்.

"ஷ், சும்மா இருங்க. அவங்க ஏதோ சொல்றாங்க."

தியேட்டர் முழுக்க உட்கார்ந்து கேட்டது.