பன்னிரண்டாம் இழுப்பறை

தொண்ணூறு வருடங்களுக்கு முன் செத்த பறவைக்கு, செவ்வாய்க்கிழமை வெட்டிய விரல்நுனி வியாழக்கிழமை காலையில் மறுபடி முளைத்திருந்தது. அருங்காட்சியகத்தின் பன்னிரண்டாம் இழுப்பறையில், வயிற்றில் பஞ்சும் காலில் பெயர் அட்டையுமாக மல்லாந்து கிடந்த அந்தப் பழுப்புப் பறவையின் இனத்தில் உலகில் வேறொன்று மிச்சமில்லை. அதன் மரபணுவைப் படித்துப் பத்திரப்படுத்த, மேலிடத்தில் எட்டு மாதம் மன்றாடி, அரிசிமணியளவு விரலை ஒரே ஒரு முறை வெட்ட அனுமதி வாங்கியிருந்தார் ஆய்வுக்கூடத்து அம்மாள். முளைத்ததை முதலில் பார்த்தவர் இழுப்பறைக்காரர். இருபத்திரண்டு வருடமாகச் சாவி அவர் இடுப்பில்தான். சந்தேகமும் அங்கேயே வந்து தொங்கியது.

"அசலை எவனுக்குத் தள்ளிவிட்டு இந்தப் போலியை வெச்சீங்க?" என்றார் அம்மாள்.

"மேடம், நான் அதை மோந்துகூடப் பார்த்ததில்ல. பூச்சிமருந்து நாத்தம்."

"அப்போ தானா முளைச்சுதா?"

"அதைத்தான் நானும் அதுகிட்ட கேட்டேன்."

இந்தப் பதில் அவருக்கு உதவவில்லை. இழுப்பறைக்கு அரக்கு முத்திரை வைத்து, எதிரே கேமரா மாட்டினார்கள். காவலாளி தினமும் அவருடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கிளறினார். வீட்டில் வேறு கூத்து. சட்டைக் காலரில் பழுப்பு இறகைக் கண்ட மனைவி, "யாருங்க அவ?" என்று ஆரம்பித்து, பறவை என்றதும் இன்னும் கொதித்தார். "பொய் சொன்னாலும் கொஞ்சம் பொருத்தமா சொல்லக்கூடாதா?" என்றது தெருமுனைவரை கேட்டது.

போலிக்கு அனுமதி எதற்கு என்று அம்மாள் புது விரலிலும் ஒரு துண்டு வெட்டி, இரண்டையும் சோதனைக்குப் போட்டார். வேறு வேறு பறவை என்று வந்தால் வேலை போகும், போலீஸ் வரும். மூன்று வாரம் இழுப்பறைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டார். முடிவு வந்தது: எழுத்துக்கு எழுத்து ஒரே பறவை. பழைய துண்டின் மரபணு நொறுங்கிக் கிடந்தது, புதியதில் சிதையாமல் முழுசாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மாள் நம்பினாரா என்றால், அதுதான் இல்லை. ஆள் என்றைக்காவது மாட்டுவார் என்று, ஓய்வு பெறும்வரை பதினோரு வருடம், மாதம் தவறாமல் வெட்டி ஒப்பிட்டு உறைய வைத்தார். அந்தச் சந்தேகத்தின் புண்ணியத்தில் குளிர்பெட்டியில் நூற்று முப்பத்திரண்டு துண்டுகள் இருக்கின்றன. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் எழுதிக் கேட்டு வாங்குகின்றன. கேமரா இன்னும் ஓடுகிறது. வருடத்துக்கொரு முறை, அதன் எதிரிலேயே, இழுப்பறைக்காரர் அட்டையின் நூலைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டுகிறார், பறவையின் கால் தடித்துக்கொண்டு வருவதால். பதிவேட்டில் அதற்குத் தனிக் கட்டம் போட்டாயிற்று.