கபீலுக்கு அனுப்பிய துஆ

அரபிகளின் மனசு எனக்குத் தெரியும் என்று பீற்றித் திரிந்தவன் நான். பதினேழு வருடம் அரபு நாட்டில் சாரதியாக இருந்தவனுக்குத் தெரியாதா? எங்கள் ஊர் கிண்ணியாவில் யாருக்கு அரபியில் குரல்பதிவு வந்தாலும் ஜும்ஆ முடிந்ததும் என் தேத்தண்ணிக் கடைக்குத்தான் கொண்டுவருவார்கள். சத்தத்தைக் கூட்டி வைத்து, வரிக்கு வரி தமிழில் சொல்வேன். கேட்க ஒரு கூட்டமே நிற்கும். அதில் எனக்கு மண்டைக்கனமும் கொஞ்சம் இருந்தது.

என் தங்கச்சி உம்மு குல்சும் அங்கே ஒரு வீட்டில் பதினான்கு வருடமாக வேலை செய்தாள். பக்கத்து நாடுகள் இரண்டுக்கும் இடையே யுத்தம் தொடங்கிய முதல் வாரம், ஏவுகணைகள் வீட்டுக்கு மேலால் போனபோது, அவளுக்கு விசா எடுத்த வீட்டு முதலாளி, அவளுடைய கபீல், பிள்ளைகளோடு மொட்டைமாடிக்கு ஏறிக் கை தட்டினாராம். அடிக்கிறவர்களின் கை ஓங்கட்டும் என்று அல்லாஹ்விடம் துஆ கேட்டாராம். தெரு முழுக்கப் பேரீச்சம்பழம் பங்கிட்டார்களாம். அவள் போனில் சொன்னதை நான் கடையில் சொல்ல, எல்லோருக்கும் ஒரே சந்தோசம்.

நான்காம் வாரம், அண்ணனான என்னைக் காக்கா என்று கூப்பிடும் அவளுடைய குரல் மாறிவிட்டது.

"காக்கா, எனக்குப் பயமாக் கிடக்கு. ஊருக்கு வரணும். பாஸ்போட் கபீல்ட்டக் கிடக்கு. நீங்க ஒருக்கா அவரோட கதைங்க."

அடுத்த இரண்டு நாளும் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை கடையில் வைத்தே கபீலுக்குப் பதிவு செய்தேன். சலாம் சொன்னேன். தங்கச்சியை அனுப்பும்படி கெஞ்சினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவேனா? மனிசனின் மனம் குளிரட்டும் என்று, அவர் கேட்ட அதே துஆவை நானும் கேட்டேன். எங்கள் ஊரே உங்களோடு சேர்ந்து கேட்கிறது என்று சொல்லிக் கூட்டத்துக்குக் கையைக் காட்டினேன். எல்லோரும் உரத்து ஆமீன் சொன்னார்கள்.

என் மனைவி ஜெஸ்மின் மட்டும், "வந்த விசயத்த மட்டும் கேளுங்களன். யுத்தக் கதை நமக்கெதுக்கு?" என்றாள்.

"அரபிகளப் பத்தி நீ எனக்குப் படிப்பிக்கிறியா?" என்று எரிந்து விழுந்துவிட்டு அனுப்பினேன்.

கால்மணி நேரத்தில் பதில் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சத்தத்தைக் கூட்டி, வழக்கம்போல வரிக்கு வரி சொல்லத் தொடங்கினேன்.

"கலீல், என் கடைசி மகன் நேற்று மவுத்தாகிவிட்டான். வேலைக்குப் போனவன். ஏவுகணை எங்கள் துறைமுகத்தில் விழுந்தது."

யாரோ இன்னா லில்லாஹி என்றார்கள். நிறுத்தவும் ஏலாது, எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"துக்கத்துக்கு வந்திருந்த சனத்துக்கு நடுவில் உன் பதிவைப் போட்டேன். ஆறுதல் சொல்கிறாய் என்று நினைத்தேன். முதல் வாரம் நானும் அந்தத் துஆவைத்தான் கேட்டேன். அவர்களின் ஏவுகணைகள் எங்கள் நாட்டிலும் விழத் தொடங்கிய பிறகு, இரண்டு வாரமாக இந்தத் தெருவில் ஒருவரும் அதைக் கேட்பதில்லை. அது உனக்குத் தெரியாதா? உன் தங்கச்சியை முதல் விமானத்திலேயே அனுப்புகிறேன். அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என் மனைவி."

அந்த வரியையும் சொல்லி முடித்தேன். ஒருவரும் தேத்தண்ணி குடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்கள். யா அல்லாஹ், என்ன வாய்க்கொழுப்பு எனக்கு!

மூன்றாம் நாள் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய் அவளைக் கூட்டிவந்தேன். உயிரோடு வந்துவிட்டாள் என்று எனக்கு அழுகை வந்தது. அவள் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"அஞ்சு வயசில இருந்து நான் சோறு தீத்தி வளத்த புள்ள, காக்கா. வரணும் எண்டு கேட்டனான்தான். ஆனா அந்தத் தாய்க்குப் பக்கத்தில இருந்து நானும் அழுதிட்டு வந்திருப்பன். அதுக்கு விடாமச் செஞ்சிட்டீங்க."