மூன்று கிலோவுக்கு மேல்

வீட்டோடு தங்கியிருக்கும் ஓ-பேர் பெண் கர்ப்பமானால், ஐந்தாம் மாதத்திலிருந்து வயிற்றை அந்த வீட்டார்தான் சுமக்க வேண்டும். வடவள்ளியில் இது தெரியாதவர்கள் கிடையாது. நாச்சிமுத்துவுக்கு மட்டும் தெரியாது. அவர் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர். தன் கல்யாணப் பத்திரிகையையே மண்டபத்துக்குப் போகிற வழியில்தான் படித்தார் என்பதால், அவர் மனைவி வசுந்தரா இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஓ-பேர் என்றால் வெளிநாட்டிலிருந்து வந்து, வீட்டில் ஒருத்தியாகத் தங்கி, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண். வேலைக்காரி என்று சொல்லக் கூடாது. விருந்தாளி என்றும் சொல்ல முடியாது, எந்த விருந்தாளியும் டிபன் பாக்ஸ் கட்டுவதில்லை. வாரத்துக்கு முப்பது மணி நேர வேலை, உள்ளே தாழ்ப்பாள் போட்ட தனி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சிக்ரிட் நார்வேக்காரி, இருபத்தைந்து வயது. எட்டு வயது தாரிகாவுக்கு அவள் நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். தாரிகா அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். ஆறே மாதத்தில் சிக்ரிட் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' போட்டுப் பேசினாள், கீழ்வீட்டு நாயிடம்கூட.

கர்ப்பத்துக்குக் காரணம் உடுமலைப் பக்கம் காற்றாலை நிறுத்த வந்த அவள் ஊர்க்காரன் ஒருவன். நிறுத்தி முடித்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான். அடுக்ககத்தில் இரண்டொருவர் நாச்சிமுத்துவை ஒருமாதிரி பார்த்தார்கள். வசுந்தரா அவர்களைக் கூப்பிட்டு, அந்த மனுஷருக்கு வாஷிங் மெஷினை ஓட விடவே தெரியாது என்று சொல்லி அனுப்பினாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

வயிற்றை வீட்டார் சுமப்பதற்குக் காரணம் ஏழாவது விதி. ஓ-பேர் பெண் மூன்று கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. காஸ் சிலிண்டரையும் தண்ணீர் கேனையும் அந்தப் பெண்கள் தலையில் கட்டிவிடுவார்களே என்று எழுதப்பட்டது. ஆனால் விதி என்றால் விதிதான். தூக்குவது சிலிண்டரா வயிறா என்று அது பார்ப்பதில்லை.

ஐந்தாம் மாதம் பிறந்ததும் ஏஜென்சியிலிருந்து பியூலா மேடம் வந்தாள். பழைய பேப்பர்க்காரர் வைத்திருப்பாரே, அந்த மாதிரிக் கொக்கித் தராசு. வயிற்றை மாட்டிப் பார்த்தாள். மூன்று கிலோ இருநூறு. மசக்கையையும் மாட்டிப் பார்த்தாள். முந்நூறு கிராம்தான் இருந்தது, அதனால் மசக்கை சிக்ரிட்டிடமே இருந்துவிட்டது. பிறகு பன்னிரண்டாவது விதியை இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். குழந்தை பிறக்கும்போது வயிறு யாரிடம் இருக்கிறதோ, பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர்தான் தாய் என்ற கட்டத்தில் வரும். அப்புறம் தாசில்தாரே வந்தாலும் மாற்ற முடியாது.

வயிறு மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். வைத்திருப்பவர் மூச்சை விட வேண்டும், வாங்குபவர் இழுக்க வேண்டும். குக்கர் மூடி போடத் தெரிந்தவர்களுக்கு இது வந்துவிடும். நாச்சிமுத்துவுக்கு நான்கு நாள் பழக வேண்டியிருந்தது.

வசுந்தரா கான்வென்ட்டில் படித்தவள். சிவப்பு மையில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அட்டவணை தயாரித்துப் பிரிட்ஜில் ஒட்டினாள். திங்கள், செவ்வாய், புதன் அவள். வியாழன், வெள்ளி, சனி அவர். ஞாயிறு ஆளுக்கு அரை நாள். கைமாற்றம் காலை ஆறு மணிக்கு, தண்ணீர் பில்டர் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் முறை வரும்போது மட்டும் அவர் தவறாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் முறை நாட்களில் ஊர் அதன் பாட்டுக்கு இருந்தது. லிப்ட் ரிப்பேரான செவ்வாய்க்கிழமை, வயிற்றோடும் இரண்டு பை காய்கறியோடும் மூன்று மாடி ஏறினாள். எதிரே இறங்கிய அடுக்ககச் சங்கச் செயலாளர் ஒதுங்கி வழி விட்டார், அவ்வளவுதான். கீரை விற்கிறவள் மட்டும், இந்த வயசுலயா கண்ணு என்று கேட்டுவிட்டு, அரைக்கட்டு குறைத்துப் போட்டாள்.

அவர் முறை நாட்களின் கதையே வேறு. பம்ப் கம்பெனியில் அவருக்கு மெத்தை போட்ட நாற்காலி வந்தது. சூப்பர்வைசர் வீட்டு மரத்திலிருந்து மாங்காய் வந்தது, உப்பும் மிளகாய்ப் பொடியும் தனிப் பொட்டலத்தில். அடுக்ககச் சங்கம் கூட்டம் போட்டுப் பொன்னாடை போர்த்தியது. ஒரு வாரப் பத்திரிகை வந்து, வயிற்றில் கை வைத்தபடி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தது. உங்க வீட்டுக்காரர் தங்கமுங்க, இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லீங்க என்று பெண்கள் வசுந்தராவைப் பிடித்துப் பிடித்துச் சொன்னார்கள். வாரத்தில் நான்கு நாள் சுமந்துவிட்டு அதைக் கேட்டுக்கொள்வது அவளுக்குச் சிரமமாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. நல்ல நாள் வெள்ளிக்கிழமையில் விழுந்தது, அதாவது நாச்சிமுத்துவின் முறையில். அவர் மணிக்கட்டுக்குத் தோதான கண்ணாடி வளையல் கடைகளில் இல்லை. ராஜ வீதியில் சொல்லிச் செய்து வந்தது. மனையில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, கைக்குப் பதினொன்றாக அடுக்கினார்கள். அவர் வெட்கப்பட்டது பார்க்க நன்றாகவே இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். வசுந்தரா காலை நாலு மணிக்கு எழுந்து ஏழு வகைச் சாதம் கிளறியிருந்தாள். அதைப் பற்றியும் சிலர் சொன்னார்கள். புளியோதரையில் உப்பு ஒரு கல் கம்மியாம்.

சிக்ரிட் கூடத்து மூலையில், தட்டில் எலுமிச்சைச் சாதத்தோடு உட்கார்ந்திருந்தாள். சந்தனக் கிண்ணம் அவளைத் தாண்டி இரண்டு முறை போனது. எல்லோரும் போன பிறகு சமையலறைக்கு வந்து, கழுவிய பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, புள்ள எனக்கு வேணுங்க."

வசுந்தரா குழாயை மூடினாள். அவளுக்கு நாற்பத்தாறு வயது. தாரிகா பத்தாவது முடித்ததும் செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அதில் முதலாவது, மத்தியானம் தூங்குவது. இன்னொரு பிள்ளையை முதலிலிருந்து ஆரம்பிக்க அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆகவே இந்தக் குழந்தை சிக்ரிட் பெயரில்தான் பிறந்தாக வேண்டும். இரண்டு பேருக்கும் இதில் கருத்து வேறுபாடு இல்லை. குறுக்கே நின்றது மூன்று கிலோ. சிக்ரிட் ஓ-பேராக இருக்கும் வரை வயிற்றை வாங்க முடியாது. ஓ-பேர் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், வயிற்றை இங்கேயே வைத்துவிட்டு.

அந்த ஞாயிறு மத்தியானம் மட்டும் நாச்சிமுத்து தூங்காமல் வந்து வயிற்றை வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை ஆறு மணிக்கு பில்டர் பக்கத்தில் நின்று வசுந்தரா மூச்சை இழுத்தாள். நாச்சிமுத்து விடவில்லை. வளையலைக் கழற்றாத கைகளை வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு நின்றார்.

"இருக்கட்டும் வசு. இன்னும் ரெண்டு வாரந்தானே, நானே பாத்துக்கறேன். பேர்கூட யோசிச்சு வெச்சாச்சு."

"அப்ப சான்றிதழ்ல அம்மான்னு உங்க பேரைப் போடுவாங்க."

"போடட்டுமே. பத்திரிகைக்காரங்க அதுக்கும் வரேன்னாங்க."

"பொறந்ததுக்கு அப்புறம் யாரு பாத்துக்கறது?"

"அதுக்கென்ன," என்றார் நாச்சிமுத்து. "நீதான் இருக்கியே."

வசுந்தரா அவருக்கு இட்லியும் தக்காளிச் சட்னியும் வைத்தாள். அவர் சாப்பிடுவதைப் பார்த்தபடி யோசித்தாள். நகம் வெட்டும்போது ஒரு பொட்டு ரத்தம் வந்தால் லீவு போடுகிற மனுஷர். முதல் வலி வந்ததும் வயிற்றைக் கழற்றி எதிரே நிற்பவரிடம் கொடுத்துவிடுவார், அதில் சந்தேகமே இல்லை. எதிரே நிற்பது அவளாகத்தான் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அவர் கழற்றிப் போட்ட எல்லாவற்றுக்கும் எதிரே நின்றது அவள்தானே.

அவர் கிளம்பிப் போனதும் பியூலா மேடத்துக்குப் போன் போட்டாள்.

பியூலா படிவங்களோடு வந்தாள். ஒரு வீட்டில் ஒரு ஓ-பேர், ஒரு வீட்டம்மா இருந்தால் போதும், யார் எது என்று விதியில் சொல்லவில்லை என்றாள். ஓ-பேருக்கான தகுதிகளை வரிசையாக வாசித்தாள். பிறந்த வீட்டை விட்டு வந்தவராக இருக்க வேண்டும். தங்கியிருக்கும் வீடு அவர் பெயரில் இருக்கக் கூடாது. குழந்தை பார்த்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். வந்த வீட்டின் பழக்கவழக்கங்களுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறவராக இருக்க வேண்டும். வசுந்தரா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். பியூலா மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தாள்.

"எத்தனை வருஷமா இப்படி இருக்கீங்க?"

"இருபத்திரண்டு."

"இருபத்திரண்டு வருஷமாப் பதிவு பண்ணாமயா இருந்தீங்க? இது ரொம்பத் தப்புங்க மேடம். தாமதத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும்."

கான்வென்ட்டில் லீவு லெட்டர் எழுதிப் பழகிய கை. வசுந்தரா விளக்கத்தை அங்கேயே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். சிக்ரிட் வீட்டம்மா படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். வீட்டம்மா பதவிக்கும் கட்டிலுக்கும் சம்பந்தமில்லை என்ற அடிக்குறிப்பை பியூலா தானாகவே சுட்டிக்காட்டினாள். வீட்டம்மாவின் விசா பிள்ளைக்குப் பத்து வயது ஆகும் வரை செல்லும், சமையல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டிய இடத்தில் சாயங்காலம் நாச்சிமுத்து போட்டார். படிக்கவில்லை.

அன்றைக்கே வசுந்தரா தன் புடவைகளைத் தனி அறைக்கு மாற்றினாள். ஜன்னலைத் திறந்தால் மருதமலை தெரிந்தது. அந்த வீட்டிலிருந்து மருதமலை தெரியும் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை எட்டரை மணி. நாச்சிமுத்து மேஜையில் உட்கார்ந்து பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்காவது பணியாரம் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. முகம் வெளுத்தது. பணியாரத்தைத் தட்டில் வைத்துவிட்டு, வளையல் குலுங்க எழுந்தார்.

"வசு, இந்தா. வாங்கிக்க."

வசுந்தரா பேப்பரை மடித்தாள்.

"நான் ஓ-பேர். மூணு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுங்க."

"விளையாடாத வசு."

"ஏழாவது விதி. நீங்க கையெழுத்துப் போட்டது."

அவர் தாரிகாவைப் பார்த்தார். பதினெட்டு வயசு ஆகாதவங்க வாங்கக் கூடாதுப்பா, அது எட்டாவது விதி என்று தாரிகா ஷூ மாட்டிக்கொண்டே சொன்னாள். இரண்டாவது வலி வந்தது. அது முதல் வலியைப் போல இல்லை. நாச்சிமுத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து தனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டார். அவற்றில் நான்கைந்துதான் வந்தன.

அப்போது சிக்ரிட் அவர் எதிரே வந்து நின்றாள். தலையை வாரிப் பின்னியிருந்தாள். பையைத் தோளில் மாட்டியிருந்தாள். ஒரு வாரமாகவே தயாராக இருந்தாள்.

"மூச்சை விடுங்க, அண்ணா."

அவர் விட்டார். அவ்வளவு முழுசாக அவர் மூச்சு விட்டு வசுந்தரா பார்த்ததில்லை.

பதினொன்று நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய் என்ற கட்டத்தில் சிக்ரிட் என்று எழுதினார்கள். நாச்சிமுத்து யோசித்து வைத்திருந்த பெயரை அவள் கேட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாமுங்க என்றாள். பத்திரிகைக்காரர்கள் வந்து, யாரைப் படம் எடுப்பது என்று தெரியாமல் காற்றாலையைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள். வளையல்கள் சோப்பு போட்டும் கழலவில்லை. இரண்டு மட்டும் உடைந்தன.

மறு மாதம் முதல் தேதி புதிய ஓ-பேரைப் பரிசோதிக்க பியூலா வந்தாள். மூன்று கிலோவுக்கு மேல் ஏதாவது தூக்குகிறாளா என்று பார்ப்பது வழக்கம். முதலில் வசுந்தராவின் முட்டிவலியை மாட்டினாள். இரண்டு கிலோ எண்ணூறு. பரவாயில்லை, உங்களிடமே இருக்கட்டும் என்றாள். அடுத்துக் கோபத்தை மாட்டினாள். முள் ஒரு சுற்றுச் சுற்றி, கொக்கி நிமிர்ந்துவிட்டது. மண்டியிலிருந்து அரிசி மூட்டை நிறுக்கிற தராசை வரவழைத்தார்கள். பதினெட்டரைக் கிலோ.

சிக்ரிட் பிள்ளை பெற்ற உடம்புக்காரி. தாரிகா சின்னப் பெண். அட்டவணையைத் தாரிகாதான் போட்டாள், சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து. திங்கள் முதல் ஞாயிறு வரை எல்லாக் கட்டத்திலும் அப்பா என்று எழுதிப் பிரிட்ஜில் ஒட்டினாள். மறுநாள் ஆறு மணிக்கு பில்டர் பக்கத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். வசுந்தரா மூச்சை விட்டாள். விட்டு முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாச்சிமுத்து லேசாகத் தள்ளாடி, கதவைப் பிடித்துக்கொண்டார்.

அவர் அதைக் கம்பெனிக்குச் சுமந்து போனார், வந்தார். இந்த முறை மெத்தை நாற்காலி வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மறதியாக அதைக் கேன்டீனில் வைத்துவிட்டு வந்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் கம்பெனியிலிருந்து வசுந்தராவுக்குப் போன் வந்தது. முதலாளி அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் தன் தட்டைத் தானே கழுவிக்கொண்டிருக்கிறார், சோப்பு எங்கே இருக்கும் என்று கேட்கிறார், உங்களுக்குத் தெரியுமா என்றார்கள். அவளுக்கு அந்த வாரத்து முப்பது மணி நேரம் முடிந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது. போனை அணைத்துவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படுத்தாள். ஜன்னலில் மருதமலை இல்லை. அது அன்றைக்கு விடுமுறை எடுத்திருந்தது.