சவர்க்காரம் ஏற்றிய கப்பல்

கழகத் தலைவர் குறூகர் ரிமோட்டை என் கையில் தந்தபோது குளத்தில் நின்ற தாறா வாத்துகள் தாமாகவே ஒதுங்கிக்கொண்டன. ஜெர்மனியின் ஹம் நகரில், பொம்மைக் கப்பல் கழகத்தில் அன்று எனக்குப் பரீட்சை. ஆட்டம் முடிந்ததும் உறுப்பினர்கள் சம்மதத்துக்குக் கை தூக்குவார்கள். ஒருவர் தூக்காவிட்டாலும் என்னைச் சேர்க்கமாட்டார்கள். கிழமை முழுக்க உணவகத்தில் கோப்பை கழுவுகிற எனக்கு, ஞாயிற்றுக்கிழமையில் நாலு மனிதரோடு கோப்பி குடிக்க வேறு இடமில்லை. என் அறையில் இருக்கும் டெனிஸ்டன் ஞாயிறு என்றால் நித்திரைதான். அன்று மட்டும் சிரிப்பதற்காக எழும்பி வந்திருந்தான்.

"அமெரிக்கன் நேவிக்கு ஆள் காணாதெண்டு உன்னைப் பிடிச்சவங்களோ?" என்றான்.

ஆட்டம் அமெரிக்க உள்நாட்டுப் போர். வடக்கின் கப்பல்கள் தெற்கின் துறைமுகங்களை அடைத்து நிற்கும். பருத்தியை விற்றுச் சாமான் ஏற்றிவரும் தெற்கின் சாம்பல் நிறக் கப்பல்கள் களவாக உள்ளே ஓடும். என்னுடையது வடக்குக் கப்பல். ஓடிவருவதை இடித்தால் வெற்றி.

"அடிமைகளை விடுவித்த பக்கம் உன்னுடையது. நெஞ்சை நிமிர்த்தி நில்" என்றார் குறூகர். நிமிர்த்தித்தான் நின்றேன்.

ஓய்வுபெற்ற தபால்காரி ஹில்டேயின் சாம்பல் கப்பல் நாணல் ஓரமாக வந்தது. நல்ல நேர்கோட்டில் நின்றேன். விரலை அழுத்தினால் போதும். அப்போதுதான் அதன் தட்டில் இருந்த சுமையைக் கண்டேன். ஒரு முழுச் சவர்க்காரக் கட்டி. ஊரில் சண்டை, யாழ்ப்பாணத்துக்குச் சவர்க்காரம் போகவும் அரசாங்கத்தின் தடை. அந்த வருடம் அம்மா பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். என் விரல் தானாக எழும்பியது. சாம்பல் கப்பல் என்னைத் தாண்டிப் போய்க் கரையில் முட்டியது.

டெனிஸ்டன் சிரிப்புத் தாங்காமல் புல்லில் இருந்துவிட்டான். "டேய் அல்பேர்ட், நீ மறிக்க நிண்டனியோ, வழி காட்ட நிண்டனியோ?"

"ரிமோட் பழுதா?" என்று கேட்டார் குறூகர்.

"இல்லை" என்றேன் என் அரைகுறை ஜெர்மனில். "எங்கட ஊரையும் இப்பிடித்தான் மறிச்சிருக்கினம். சவர்க்காரத்தை மறிக்க எனக்கு ஏலாது."

ஹில்டே சிரித்தபடி முதலில் கை தூக்கினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். குறூகர் தூக்கவில்லை. குனிந்து, கரையில் முட்டித் தண்ணீர் ஏறிய சாம்பல் கப்பலில் இருந்து சவர்க்காரத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். கை முழுக்க வழுவழுப்பு. துடைக்க இடம் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு அந்தக் கையை அப்படியே மேலே தூக்கினார். நுரை முழங்கைவரை வடிந்தது.